வேன் பயணத்தில் ஒரு கடற்கரை ஊர்: வண்டியை நிறுத்தி நிம்மதியாகத் தங்க முழுமையான வழிகாட்டி

உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள கேம்பர் வேனை நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடம்பே சொல்லிவிடும், போதும், எங்காவது இரண்டு நாள் நிற்கலாம் என்று. அப்போது முக்கால்வாசிப் பேருக்கு மனதில் வருவது கடற்கரை ஊர்தான். ஆனால் அங்கே போயும் பலர் ஓய்வெடுப்பதில்லை. காலையில் ஒரு கடற்கரை, மதியம் இன்னொன்று, சூரியன் மறைவதைப் பார்க்க மூன்றாவது இடம், இருட்டியபின் தூங்குவதற்கு வேறு பார்க்கிங் தேடி அலைச்சல் என்று அந்த இரண்டு நாளும் ஸ்டியரிங் பிடித்தபடியே போய்விடுகிறது. இதற்கு நான் கடைப்பிடிப்பது ஒரே விதி: வேனை ஒருமுறை நிறுத்திவிட்டால், கிளம்பும் நாள் வரை சாவியைத் தொடக் கூடாது. போகிற இடமெல்லாம் நடந்துதான். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நிறுத்தும் இடம், தண்ணீர், கரண்ட், காற்றின் திசை என்று எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் இது நடக்கும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வருவதற்கு முன்பே வேலைகளை முடித்துவிடுங்கள்

கடற்கரை ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே டீசல், சமையல் கேஸ், குடிநீர் எல்லாம் நிரப்பிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியும் டாய்லெட் பெட்டியும் அதற்கென்று உள்ள இடத்தில் காலியாகிவிட வேண்டும். அழுக்குத் துணியையும் அங்கேயே துவைத்துவிட்டால் நல்லது, ஏனென்றால் கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் இருப்பதால் துணி காயவே காயாது, காய்ந்தாலும் பிசுபிசுவென்று இருக்கும். இந்த வேலைகளில் ஒன்று பாக்கி இருந்தாலும் மறுநாள் காலையில் அதற்காக வண்டியை எடுப்பீர்கள். எடுத்தால் நல்ல இடம் போச்சு.

குறைந்தது இரண்டு இரவு ஒதுக்குங்கள். மூன்று என்றால் இன்னும் நல்லது. ஒரே இரவு என்றால் வந்த அன்று களைப்பு, மறுநாள் கிளம்பும் பரபரப்பு, நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. முடிந்தால் வார நாட்களில் வாருங்கள், சனி ஞாயிறு என்றால் பகல் முழுக்க வந்துபோகும் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பிற்பகல் 3 மணிக்குள் ஊர் வந்து சேருங்கள், வெளிச்சம் இருக்கும்போதுதான் தரை எப்படி இருக்கிறது, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, தண்ணீர் எதுவரை ஏறி வந்த தடம் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும்.

இரண்டாம் படி: முதல் வரிசையை விட்டுவிடுங்கள்

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. கதவைத் திறந்ததும் எதிரே கடல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே வேன் வாங்கினோம் என்பார்கள். புரிகிறது. பகலில் இரண்டு மணி நேரம் அப்படி நிறுத்தி டீ குடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் தங்குவதற்குக் கடலிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை தூரத்தில், ஒரு கட்டடமோ மரவரிசையோ மணல்மேடோ காற்றை மறைக்கும் இடமாகப் பாருங்கள். முதல் வரிசையில் நின்றால் இரவெல்லாம் வண்டி ஆடும், உப்புத் தூறல் நேராகக் கண்ணாடியில் அடிக்கும், பின்னிரவில் கூட்டமாக வருபவர்கள் உங்கள் பக்கத்திலேயே பாட்டுப் போடுவார்கள், ரோந்து வருபவர்களும் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயினில் வேனுக்குள் தூங்குவதைச் சாலையோரம் நிறுத்தியிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் வெளியே நாற்காலி போட்டாலோ பக்கவாட்டுப் பந்தலை விரித்தாலோ அது முகாம் ஆகிவிடும். அதோடு அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் கடலோரப் பொது நிலத்துக்குள் அனுமதியில்லாமல் வண்டி நிறுத்துவதையே தடுக்கிறது. நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திறந்த வெளியில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட யாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை கூடாரத்துக்கு மட்டும்தான், வேனைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்துவதற்கு இல்லை. நியூசிலாந்தில் முகாம் இடங்களுக்கு வெளியே இப்படித் தங்குவதற்கு 2011இல் தனிச் சட்டமே வந்தது. 2023இல் அதை இறுக்கி, 'தன்னிறைவு வேன்' என்ற சான்று வேண்டுமென்றால் வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய டாய்லெட் இருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே போகிற நாட்டின் விதியைப் படியுங்கள், அதன்பின் அந்த ஊராட்சியின் பலகையைப் படியுங்கள். இரண்டும் முரண்பட்டால் பலகையை மதித்து நடப்பதுதான் நிம்மதி. சந்தேகம் இருந்தால் அனுமதி உள்ள முகாம் இடத்தில் காசு கொடுத்துத் தங்கிவிடுங்கள். கதவை யாராவது தட்டுவார்களோ என்ற நினைப்போடு படுத்தால் தூக்கம் வராது.

இன்னொன்று, மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் காலி இடம் பரந்து கிடக்கும், பார்த்ததும் நிறுத்தத் தோன்றும். அது வலை விரிக்கவும் படகு இழுக்கவும் லாரி திரும்பவும் வேண்டிய இடம். விடியலுக்கு முன்பே அங்கே வேலை ஆரம்பித்துவிடும். அவர்களுடைய பிழைப்புக்குக் குறுக்கே நிற்காதீர்கள். வேறு எங்கே நிறுத்தலாம் என்று அவர்களிடமே கேளுங்கள், ஊரில் எந்த மூலை அமைதியானது என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது.

மூன்றாம் படி: காற்றையும் தரையையும் பார்த்து நிறுத்துங்கள்

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அதன் மேலிருக்கும் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் இது தலைகீழாகி, நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று மெதுவாக வீசும். அதனால் சாயங்காலம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் பார்த்து வண்டியைத் திருப்பி வைத்தால், விடியற்காலையில் சமையல் வாசமும் குளிரும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பலமான காற்று எச்சரிக்கை இருந்தால் வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேராக வையுங்கள், ஆட்டம் வெகுவாகக் குறையும். பக்கக் கதவு காற்று படாத பக்கம் இருக்கட்டும். மேலே தூக்கும் கூரை இருந்தால் அந்த இரவு அதை இறக்கிவிடுங்கள். நல்ல வானிலையில் மட்டும், பகல் முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக் கடற்காற்றை உள்ளே விடுகிற மாதிரி நிறுத்திக்கொள்ளலாம்.

தரை சமமாக இல்லாவிட்டால் டயருக்கு அடியில் சரிவுக்கட்டை வைத்து மட்டம் பாருங்கள். கட்டை இல்லையென்றால் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி படுக்கையைத் திருப்பிப் போடுங்கள். நாள்கணக்கில் நிற்கப் போவதால் ஹேண்ட் பிரேக் பற்றி ஒரு விஷயம்: உப்பு ஈரத்தில் பிரேக் டிஸ்க் துருப்பிடித்து அதன் மேலேயே பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளும். சமதரை என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடலாம். சரிவில் இதைச் செய்யவே வேண்டாம்.

மணலில் இறக்காதீர்கள். பெரும்பாலான கேம்பர் வேன்கள் எடை கூடியவை, இரண்டு சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. மேலே கெட்டியாகத் தெரிவது அடியில் மாவு மாதிரி இருக்கும். அப்படியும் சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள், ஒவ்வொரு சுழற்சியும் வண்டியை இன்னும் புதைக்கும். இறங்கி டயருக்கு முன்னால் இருக்கும் மணலைத் தோண்டுங்கள், டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள், டயர் தரையில் பரந்து பதியும், கால்மிதி விரிப்போ பலகையோ கொடுத்து மெதுவாக ஏறுங்கள். வெளியே வந்ததும் காற்றை மறுபடி நிரப்பாமல் சாலையில் வேகம் எடுக்கக் கூடாது. அதற்காக ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப் வண்டியில் கிடக்கட்டும்.

நான்காம் படி: கடலின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடற்கரை ஊரில் கடிகாரத்தைவிட ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், முக்கியம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு ஏறிய கடல் நாளை சுமார் 8:50க்கு ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பாதிநிலவு நாட்களில் வித்தியாசம் குறைவு. இடத்துக்கு இடம் இது பயங்கரமாக மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும், மத்தியத் தரைக்கடலின் பல கரைகளில் அரை மீட்டர்கூடத் தாண்டாது.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாலுமிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் 2, கடைசியில் 1. மொத்தம் 6 மீட்டர் ஏறும் கரை என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் அரை மீட்டர்தான் ஏறும், நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் 3 மீட்டர் ஏறிவிடும். மெதுவாகத்தானே வருகிறது என்று மணல்திட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான், அதுவும் தட்டையான கரைகளில் தண்ணீர் முன்னால் வருவதற்கு முன்பே பின்பக்கப் பள்ளத்தில் புகுந்து திரும்பும் வழியை அடைத்துவிடும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், ஏற ஆரம்பிக்கும்போது திரும்புங்கள். கரையில் காய்ந்த கடற்பாசியும் குப்பையும் ஒரு கோடாகக் கிடக்கிறதே, அண்மையில் கடல் எட்டிய எல்லை அதுதான். அதற்குக் கீழே எதையும் விட்டுவைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இறங்குவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வந்த அன்று மாலை குளிக்க இறங்க வேண்டாம். நடந்துபோய் உட்கார்ந்து, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக, அமைதியாகத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். பெரும்பாலும் அதுதான் கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பிப் பாயும் இழுவை நீரோட்டம். அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், நல்ல நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராகப் போராடாதீர்கள். அந்த ஓட்டம் அகலம் குறைவானது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அலை உடையும் பக்கமாகக் கரைக்குத் திரும்புங்கள். நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்தபடி கை தூக்கி உதவி கேளுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் இடம், அங்கே குளியுங்கள். தனிச் சிவப்புக் கொடி அபாயத்தைக் குறிக்கும், அதைப் பார்த்தால் அன்று கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே நடையில் மேட்டு நிலத்துக்குப் போகும் வழியையும் பார்த்து வையுங்கள். நிலம் நீண்ட நேரம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ, வேனை எடுக்க நினைக்காமல் காலால் ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஒரு கடற்கரையில் பத்து வயதுச் சிறுமி, புவியியல் வகுப்பில் படித்ததை நினைவில் வைத்து, கடல் நுரைத்த விதத்தைப் பார்த்தே சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறாள், அங்கிருந்தவர்கள் தப்பினார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

ஆறாம் படி: இன்ஜின் ஓடாமல் வண்டிக்குள் வாழ்வது

சாவியைத் தொடக் கூடாது என்றால் இன்ஜின் சார்ஜ் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்ப்ரெசர் உள்ள 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குத் தோராயமாக 30 முதல் 50 ஆம்பியர்-மணி (பேட்டரியில் உள்ள கரண்டை அளக்கும் அளவு) எடுக்கும், வெயில் காலத்தில் மேல்பக்கம்தான் நிற்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது 50தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 வரை தைரியமாக எடுக்கலாம். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 25, 30 ஆம்பியர்-மணி தரும். ஃபிரிட்ஜும் விசிறியும் ஓட 200 வாட் இருந்தால் கவலையில்லாமல் உட்காரலாம். பேனல் மேல் உப்பு படலமாகப் படியும், தினமும் காலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளுக்கு 10 லிட்டர் வைத்துக்கொண்டால் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவப் போதும், குளியலுக்குக் கடற்கரையில் ஷவர் இருக்கிறதா பாருங்கள். கால் கழுவ மட்டும் தனியாக ஒரு கேன் வாசலிலேயே இருக்கட்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் படுக்கையில் மணல் ஏறிவிட்டால் இரண்டு நாளும் நிம்மதி போச்சு, அதனால் கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

காற்று அடிக்கிறது என்று எல்லாக் கதவையும் அடைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். காற்றோட்டமில்லாமல் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, தலைவலியும் தூக்கமும் மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். அணைந்துவிட்டது என்று நினைத்து அடுப்புக்கரியை உள்ளே கொண்டுவந்து வைப்பதும் அதே ஆபத்துதான். அதற்கான அலாரம் ஒன்று கண்டிப்பாக மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் தரையில் உள்ள காற்றுத் துளைகளைப் பையோ செருப்போ வைத்து அடைக்காதீர்கள்.

ஏழாம் படி: திட்டமில்லாத நாள்

இதுவரை சொன்னதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான். பார்க்க வேண்டிய இடங்கள் என்ற பட்டியலைப் போடாதீர்கள். நாளை மூன்றாக மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்: விடியல், நடுப்பகல், மாலை. விடியலில் கடற்கரை ஊர் வேறு ஊர். படகுகள் திரும்பும், மீன் இறங்கும், ஏலம் நடக்கும், பறவைகள் மொய்க்கும், எட்டு மணிக்கெல்லாம் தரையைக் கழுவிவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். அதைப் பார்க்க ஒருநாளாவது இருட்டிலேயே எழுந்து போங்கள். வழியில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள், முகத்துக்கு நேராகப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

நடுப்பகல் வண்டி நிழலுக்கு. படியுங்கள், தூங்குங்கள், ஒன்றும் செய்யாமல் கிடங்கள். கூட வந்தவர்களோடு ஒரு சின்ன உடன்பாடு செய்துகொள்ளச் சொல்வேன்: ஆளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக. வாரக்கணக்கில் ஆறு சதுர மீட்டருக்குள் ஒன்றாக இருந்தவர்களுக்கு மிகப் பெரிய ஓய்வு ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதுதான், அதை மனத்தாங்கல் இல்லாமல் சொல்லிக்கொள்ள இதுபோன்ற ஒரு ஊர் வசதி. திரும்பி வரும்போது இருவரிடமும் பேச ஏதாவது இருக்கும். மாலையில் ஒரே பாதையில் இரண்டாவது நாளும் நடங்கள். அதே கடைக்காரர், அதே பெஞ்சு, அதே நாய். இரண்டாம் நாள் தலையசைப்பார்கள், மூன்றாம் நாள் பேசுவார்கள். வேனில் சுற்றுபவர்களுக்கு இது அரிதாகத்தான் கிடைக்கும். தேவையானதை அந்த ஊர்க் கடைகளிலேயே வாங்குங்கள், இடம் கொடுத்த ஊருக்கு அதுதான் நியாயம்.

எட்டாம் படி: உப்பு

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது பொடித்துளியாகப் பறந்து வந்து வண்டியில் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும், அதனால் மழையே இல்லாத இரவிலும் உங்கள் வண்டியின் இரும்பு உப்புநீரில் நனைந்தபடிதான் நிற்கிறது. பகலில் காய்ந்து, இரவில் மறுபடி கரையும். துரு வேகமாகப் பிடிப்பது இதனால்தான். இரண்டு நாளில் வண்டி கெட்டுவிடாது, ஆனால் பெயிண்ட் உரிந்த இடம், கதவுக் கீல், பக்கக் கதவு ஓடும் தண்டவாளம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடையுங்கள். தண்டவாளத்தில் மணல் இருந்தால் கதவை இழுக்காதீர்கள், முதலில் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மெத்தையைப் பகலில் ஒரு மணி நேரமாவது தூக்கி நிறுத்துங்கள், அடிப்பக்கம் ஈரம் கோத்திருக்கும்.

ஒன்பதாம் படி: கிளம்புவது

பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அங்கே தரையில் கொட்டாதீர்கள். குப்பைத்தொட்டி நிரம்பியிருந்தால் உங்கள் பையைக் கையோடு எடுத்துப்போங்கள். வேன்களுக்குத் தடை போடும் ஊர்களில் அடிக்கடி கேட்கும் புகார் இந்த இரண்டும்தான்.

கேஸ் வால்வை மூடுங்கள், கூரையை இறக்கிப் பூட்டுங்கள், சக்கரக் கட்டைகளை எடுங்கள், எடுத்ததும் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து டயரையும் அடித்தரையையும் பாருங்கள். முதல் சில நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க்கில் படிந்த துரு உரசும் சத்தம் கேட்கும், சில தடவையில் போய்விட வேண்டும். போகவில்லை என்றாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அடுத்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மேலே போங்கள். கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பியதும், அன்றே, வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வண்டியை ஏற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே பளபளப்பதைவிட அடிப்பக்கம் முக்கியம்: சக்கர வளைவுகள், சேஸிஸ், எக்ஸாஸ்ட், பிரேக் பாகங்கள். கழுவியபின் பக்கக் கதவுத் தண்டவாளத்திலும் கீல்களிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.